ஆறாவது கால்

புட்டியில் வந்தவளுக்கு ஐந்து கால்.
ஆறாவது, சாராயத்தின் அடியில்
உதிர்ந்த இமைமயிர்போல் கிடந்தது.
எடுக்கப் போனேன்.
இடுக்கி முனையில் இரண்டாய் ஒடிந்தது.

தூனிஸிலிருந்து ஷிஹாபெத்தீன் எழுதியிருந்தார்:
இவள் தனி இனமா, தெரிந்த இனத்தின் ஒரு வகையா
என்பதுதான் வழக்கு.
காலின் நீளம், இடைக்கணுவின் வடிவம், நிறம்.
மூன்றும் பிசகக்கூடாது, மோன்ஜியா.
வெள்ளிக்குள் வேண்டும்.

இடைக்கணு எளிது.
மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே
ஒரு சிட்டிகை உடம்பு, அவ்வளவுதான்.
மேட்டுநிலத்துக்காரிக்கு அது
செதில்போல் தட்டையாய் நிமிர்ந்திருக்கும்.
இவளுக்கு உருண்டை.
அந்த உருண்டை இடம்கொடுப்பதால்
வயிற்றைத் தூக்கி முதுகுப்பக்கம் சாய்த்துக்கொள்கிறாள்,
பேரீச்சை ஏறுகிறவன்
அங்கியை இடுப்பில் செருகுவதுபோல.

தாடைக்கடியில் நீள மயிர்கள்.
பெண்தான், ஆனாலும் தாடி.
அதில் ஒரு மணல்துகள்
இன்னும் விழாமல் இருந்தது.
அதையும் வரைந்தேன், பிறகு அழித்தேன்.
மணல் அடையாளத்தில் சேராது.

நிறம்தான் இல்லை.
சாராயம் குடித்துவிட்டது.
கோப்பையடியில் காய்ந்த தேநீர்போல் இருந்தாள்.
முன்பாதி சிவப்பா, முழுதும் கறுப்பா?
யாரைக் கேட்பது?

லஸ்ஹரின் உப்பு லாரியில் ஏறினேன்.
எறும்பு பார்க்க எண்பது கிலோமீட்டரா, என்றான்.
என் மாமியார் சர்க்கரை டப்பாவில்
இலவசமாய்க் காட்டுவேனே.

ஷோத் எல் ஜெரீத். நடுப்பகல்.
வானம் எங்கே முடிகிறது என்று
உப்பு சொல்லமாட்டேன் என்கிறது.
பல்லியும் வளைக்குள் போன நேரம்
அவள் வெளியே வந்தாள்.

ஊரவில்லை.
எறும்புக்கு ஊர்தல் என்ற வினையைக் கொடுத்தவர்
இந்த உப்பின்மேல் நின்றிருக்கமாட்டார்.
ஓடினாள், நின்றாள், ஒரு சுற்றுச் சுற்றினாள், ஓடினாள்.
கால்கள் அத்தனை நீளம்.
தரையைத் தொடுவது நுனிகள் மட்டும்.
உடம்பு அதற்கு மேலே,
நெருப்புக்கு ஒரு மாடி உயரத்தில்.

குனிந்தேன்.
என் நிழல் அவள்மேல் விழுந்தது.
உள்ளே வந்து நின்றுகொண்டாள்.

அப்போதுதான் எண்ணினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.
மறுபடி எண்ணினேன். ஐந்து.
இடது பின்னங்கால் இருந்த இடத்தில்
கரிக்கோல் முனைபோல் ஒரு கட்டை.
ஐந்தில்தான் அந்த ஓட்டம் ஓடியிருக்கிறாள்.

முட்டியை உப்பு சுட்டது.
நான் நகர்ந்தால் வெயிலும் நகரும்.
லஸ்ஹர் லாரியிலிருந்து ஏதோ கத்தினான்.
அசையவில்லை.
ஒரு எறும்புக்குக் கூரையாய் இருப்பதில்
இவ்வளவு கழுத்துவலி இருக்கும் என்று
யாரும் எழுதிவைக்கவில்லை.

கறுப்பு.
முழுக்கக் கறுப்பு.
நிழலைவிட்டு அவள் வெளியே பாய்ந்தபோது மட்டும்
வெயில் புகுந்த ஒரு கால்
பேரீச்சம்பாகுபோல் மின்னியது.
ஐந்தில் எது என்று பார்ப்பதற்குள்
தூரத்தில் புள்ளி.
பிறகு புள்ளியும் இல்லை.

வியாழன் இரவு வரைந்து முடித்தேன்.
இடைக்கணு உருண்டை. நிறம் கறுப்பு.
ஐந்து கால்களுக்கு முழுக்கோடு.
ஆறாவதை வலப்பக்கத்துக் காலைப் பார்த்து
புள்ளிக்கோட்டில் போட்டேன்.
காணாததை ஊகித்து வரைந்தால்
புள்ளி வைப்பது எங்கள் தொழிலின் வழக்கம்.

ஷிஹாபெத்தீன் கேட்டார்:
இரண்டாவது மாதிரியை நேரில் பார்த்ததாகச் சொன்னாயே,
பிறகு ஏன் புள்ளி?

பார்த்தேன், ஐயா.
அதனால்தான்.

லஸ்ஹர் இப்போதும் என்னைக் கண்டால்
குனிந்து, கைகளை விரித்து,
தரைக்கு நிழல் பிடித்துக் காட்டிச் சிரிக்கிறான்.
சிரிக்கட்டும்.
முட்டியில் உப்பு சுட்ட தோல்
நேற்று உரிந்து வந்தது.
மெல்லியதாய், செதில்போல் தட்டையாய்.