எழுபது பருப்பு

அண்டியாபீசில் ஒரு நாளைக்கு
எத்தனை ஆயிரம் உடைக்கிறேன் என்று எண்ணியதில்லை.
எடைதான் கணக்கு.
கையில் சாம்பல், சாம்பலுக்கு மேல் தொலியெண்ணெய்,
அதற்கும் கீழே என் ரேகைகள்
எங்கேயோ இருக்கும்.

ஐந்து மணிக்குக் கேட்டில் நின்று
முந்தானையை உதறிக் காட்டணும்.
மடியில் ஒரு பருப்பு அகப்பட்டால்
ஒரு நாள் கூலி போச்சு.
போன வருஷம் தங்கநேசத்துக்குப் போனது.

அதனால் கருங்கல் சந்தையில் ரூபாய் கொடுத்து
நூறு கிராம் வாங்கினேன்.
கடைக்காரர் விலை சொல்லுமுன்
நான் ரகம் சொன்னேன்: முந்நூற்றிருபது.
நூறு கிராமுக்கு எழுபது நிற்கும்.
வீட்டில் கொட்டி எண்ணினால் எழுபத்தொன்று.
ஒன்றை ஆண்டவருக்கென்று எடுத்து வைத்து
நானே தின்றேன்.

மீதி எழுபதும் லஞ்சம்.
கொடுக்கிறவளும் ரோஸ்லெட், வாங்குகிறவளும் ரோஸ்லெட்.
ஒரு கணக்கு போட்டால் ஒரு பருப்பு.
பத்தாம் வகுப்பில் நாலு மார்க்கில் விழுந்தவளை
இருபத்துநாலு வருஷம் கழித்து
வெறும் வாயால் கூப்பிட்டால் வருவாளா?

வந்தாள்.
ராத்திரி ஒன்பதரை, கழுவிய பாத்திரத்தின் ஈரம் காயுமுன்
ஸ்டீல் டம்ளரில் பருப்பு, பக்கத்தில் நோட்டு.
கட்டிலில் கிடந்த தாசையன் புரண்டு
"லைட்ட அணைக்கப்பிடாதா?" என்றார்.
"இன்னும் ஒரு பருப்பு கெடக்கு" என்றேன்.

கலங்கரை விளக்கக் கணக்கில் மாட்டினேன்.
அறுபது மீட்டர் உயரம். உச்சியிலிருந்து பார்த்தால்
ஒரே நேர்கோட்டில் இரண்டு படகு,
முப்பது பாகையில் ஒன்று, நாற்பத்தைந்தில் ஒன்று.
படகுக்கும் படகுக்கும் எவ்வளவு தூரம்?
முட்டத்து விளக்கு எனக்குத் தெரியாததா,
அதன் அடியில் உட்கார்ந்து கடலை தின்றிருக்கிறேன்.
புத்தகத்துப் படகுகள்தான்
அசையவே மாட்டோம் என்றன.

பதினோரு ராத்திரி.
பன்னிரண்டாவதில், விடை வராமலே,
டம்ளரில் கிடந்ததை எடுத்து வாயில் போட்டேன்.
கேட் இல்லை. உதறச் சொல்ல ஆளில்லை.
மென்று முடித்த பிறகு நோட்டின் ஓரத்தில் எழுதினேன்:
பிப்ரவரி 21. ஒரு கணக்கு கடன்.

அடுத்த வாரமே, கப்பலில் அண்டி வரவில்லையென்று
ஆபீசைப் பூட்டினார்கள்.
கையிருப்பு பத்தொன்பது பருப்பு.
தேர்வன்றைக்கென்று ஒன்றை ஒதுக்கிவிட்டு
மற்றதில் நகம் வைத்தேன்.
பிளவுக்குச் சந்தையில் விலை குறைவு.
எனக்குக் குறையவில்லை, அரைப் பருப்புக்கும்
அதே ஓட்டத்தில் வந்தாள் ரோஸ்லெட்.
கால் பருப்புக்கும் வந்தாள்.
ஒரு நாள் டம்ளரின் அடியில்
விரல் நுனியில் ஒட்டிய பொடிக்கும் வந்தாள்.
இவ்வளவு குறைந்த விலைக்கா போகிறேன் என்று
கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஏப்ரலில் தக்கலைப் பள்ளிக்கூடம்.
வாசலில் சோதனை. கை தானாக முந்தானைக்குப் போனது.
"அதெல்லாம் வேண்டாம், பென்சில் டப்பாவத் திறங்க"
என்றார் டீச்சர், என் மகள் வயசு.
காம்பஸ், ரப்பர், முழுசாக ஒரு பருப்பு.
"இது என்ன?"
"கூலி."
அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
ஏதாவது எழுதியிருக்கிறதா என்று.
பிறகு உள்ளே விட்டார்.

நாற்பத்திரண்டாம் கேள்வி, கலங்கரை விளக்கம்.
உயரம் மாறியிருந்தது, படகுகள் அவைதான்.
முக்கோணம் வரைந்து, அதற்குள் இன்னொரு முக்கோணம்.
மூன்றின் வர்க்கமூலத்தில் ஒன்றைக் கழித்ததும்
இரண்டும் மெதுவாக விலகி
அததன் இடத்தில் நின்றன.
டப்பாவைத் திறந்தேன்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது,
இதற்கானதைப் பிப்ரவரியிலேயே
தின்றாயிற்று.

மூடினேன்.
அடுத்த கேள்வி, தொடுகோடு.