எடைமேடை

ஆனி பிறந்தால் பர்கூர் சாலையில்
ஈ முதலில் வரும். அப்புறம் லாரி.
கூழ் பிழிந்த பெங்களூராவின்
தோலும் கொட்டையும் ஒழுக ஒழுக
என் மேடையில் ஏறி நிற்கும்.
பதினோரு டன் நானூற்று இருபது.
ரசீது இரண்டு, கையெழுத்து ஒன்று.

எனக்குப் பின்னால் இரண்டு கொப்பரைகள்,
பச்சை ரப்பர் கூரை உப்பி.
உள்ளே நடப்பது சமையல் இல்லை, செரிமானம்
என்பாள் ஷிப்ட் இன்ஜினியர் தாமரைக்கனி.
தோல் கூடினால் வயிறு புளிக்கும், வாயு வராது.
அன்றைக்குச் சாணி கேட்டு ஊருக்குள் ஆள் போகும்.
சாணி போடும் மாடுகளோ
போன வருடம் வரை
இதே தோலைத்தான் தின்றுகொண்டிருந்தன.
இந்தக் கணக்கு என் கம்ப்யூட்டரில் ஏறாது.

நாகரசம்பட்டி வேடியப்பன் டிராக்டரில் வருகிறார்.
சிவப்பு எண் அசையாமல் நிற்கும்வரை
இறங்கி நின்று பேசுவார்.
இரண்டாயிரத்து ஏழில்
மூன்று ஏக்கரிலும் காட்டாமணக்கு வைத்தாராம்.
"தண்ணி வேணாம், ஆடு கடிக்காது,
விதையில டீசல் சுரக்கும்னாங்க.
ஆடு கடிக்கல. அது ஒண்ணுதான் நெசம்."
காய்த்த வருடம் கம்பெனிக்குப் போன் அடித்தால்
கோயமுத்தூரில் யாரோ பல் டாக்டர் எடுத்தார்.
வேரோடு பிடுங்கிய ஜேசிபி வாடகை
மகள் கல்யாணம்வரை கூடவே வந்தது.

இப்போது நேப்பியர் புல் போடச் சொல்கிறார்கள்.
மாங்காய்க்கு மூன்று மாதம்.
கொப்பரைக்குப் பன்னிரண்டு மாதமும் பசி.
புல்லுக்கோ தண்ணீர் வேண்டும்.
அவர் போர் ஆயிரத்து நூறு அடியில்
காற்றை இறைக்கிறது.
"அதையும் சிலிண்டர்ல அடைச்சு விக்கலாமா மேடம்?"
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அடுத்த வருசமும் இருப்பீங்களா?"

ஆபீஸ் சுவரில் கலர் படம் இருக்கிறது.
இரண்டாயிரத்து முப்பத்தைந்துவரை
அம்புக்குறி ஏறிக்கொண்டே போகிறது.
என் மேடைக்கு அந்தப் பாரம் தெரியாது.
சரக்கோடு எவ்வளவு, சரக்கில்லாமல் எவ்வளவு,
நடுவில் உள்ள வித்தியாசம்.
தேதி. நேரம். வண்டி எண்.
அதைத்தான் அச்சடித்துக் கொடுத்தேன்.

வாங்கி, நான்காக மடித்து,
பீடிக்கட்டுக்குள் செருகினார்.
"அரை ஏக்கர் போட்டுப் பாக்கறேன்.
நீங்க ஓடிட்டாலும் மாடு திங்கும்.
ஆடு மாடு வாய் வைக்காத எதையும்
இனிமே என் நெலத்துல நட மாட்டேன்."

டிராக்டர் இறங்கிவிட்டது.
எண் பூஜ்யத்துக்கு வரவில்லை,
பத்து கிலோவில் நிற்கிறது.
மேடையெங்கும் ஒட்டிய தோல்.
துடைப்பம் தேடுகிறேன்.
அடுத்த லாரி ஹாரன் அடிக்கிறது.