கால் பாயிண்ட் கோடு

கப்பலைக் கட்டுகிறவர்கள் அனுப்பிய கோப்பில்
முப்பது லட்சம் கோடுகள்.
திறந்ததும் திரை முழுக்க ஒரே வெள்ளை.
இரைச்சலுக்கு நிறம் உண்டென்றால் அதுதான்.

கிதீனியாவில் ஜனவரி. மூன்றரைக்கே இருட்டு.
ஜன்னலுக்கு அப்பால் துறைமுகக் கிரேன்கள்
தாங்களும் வயர்ஃபிரேம்தான் என்பதுபோல்
ஒளிக்க எதுவுமின்றி நிற்கின்றன.

கார்ல்ஸ்க்ரூனா போகும் ஃபெரியின்
மாடிப்படிச் சுவரில், நான்கு மீட்டர் அகலத்தில்,
அதே ஃபெரி, ப்ளூபிரிண்ட் பாணியில்.
"பழைய வரைபடம் மாதிரி, ஆனால் புதுசாக"
என்றார் கம்பெனியின் ஷிமான்ஸ்கா.
சரி என்றேன். ஐந்தாம் தேதி வாடகை.

முதலில் நீலம்.
அந்தக் காலத்தில் அது வெயில் செய்த வேலை.
மருந்து பூசிய தாளில் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் நீலமாகும்,
மை மறைத்த இடம் மட்டும் வெள்ளையாய்த் தங்கும்.
அங்கே கோடு என்பது நிழல்.
என் திரையில் கோடுதான் எரிகிறது.
நீலம், சும்மா நான் ஊற்றியது.

பிறகு அழிப்பு.
முன்பின் தெரியாத ஆள் என்பார்களே,
வயர்ஃபிரேம் அப்படித்தான்:
நம்மைப் பார்க்கும் சுவருக்கும் அதன் முதுகுக்கும்
ஒரே தடிமன்.
உற்றுப் பார்த்தால் கப்பல் புரண்டு அடிவயிற்றைக் காட்டும்,
இமைத்தால் நிமிரும்.
வெளி விளிம்புக்கு இரண்டு பாயிண்ட் கொடுத்தேன்.
கொஞ்சம் அடங்கியது.
பின்னால் இருப்பவற்றைப் புள்ளிக்கோடாக்கினேன்.
ஆயிரம் ஆயிரமாய்த் திருகாணிகளைத் தூக்கி எறிந்தேன்.

நான்காம் நாள் இரவு, ஆறாம் தளத்தில்,
மாலுமிகளின் ஓய்வறையில்
எதனோடும் ஒட்டாத ஒரு வளைவு.
பிசிறு என்று அழிக்கப் போனேன்.
பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.
மூக்கு.
கைப்பிடி.
மூடியின் மேல் பதினாறு முகமுள்ள சின்னக் குமிழ்.
கெட்டில்.

இருநூற்றுப் பன்னிரண்டு கோடுகள். எண்ணினேன்.

கோப்பின் ஓரத்தில் பெயர் இருந்தது: லெஷ்னியாக்.
காலையில் பட்டறைக்கு போன் போட்டேன்.
அந்தப் பக்கம் மௌனம், பிறகு சிரிப்பு.
"வயரிங்காரர்கள் பிளக்கைக் கதவுக்குப் பின்னால் போட்டிருந்தார்கள் மேடம்.
சந்தேகமாக இருந்தது. ஒரு கெட்டிலை வைத்துப் பார்த்தேன்.
கதவைத் திறந்தால் கொதிநீர் யார் மேலாவது.
பிளக்கை நகர்த்திவிட்டேன்.
கெட்டிலை எடுக்க மறந்துபோச்சு."

"அது கப்பலின் பாகம் இல்லையே, எடுத்துவிடுங்கள்"
என்றார் ஷிமான்ஸ்கா.
நியாயம்தான்.
நான் எடுக்கவில்லை.
கால் பாயிண்டுக்கு இறக்கினேன், அவ்வளவே.
சுற்றிலும் நீலத்தை நிரப்பி அச்சடிக்கும்போது
அத்தனை மெல்லிய வெள்ளையை மை விழுங்கிவிடும்.
கேட்டால் மை மேல் பழி போடலாம்.
கோழைத்தனத்துக்கும் ஒரு தடிமன் உண்டு.

ஏப்ரலில் போய்ப் பார்த்தேன்.
கைப்பிடியை மை தின்றிருந்தது. குமிழையும்.
மூக்கு மட்டும் மிச்சம், அரை நகமளவு.
சூட்கேஸ்கள் படிப்படியாய் இடித்துக்கொண்டு ஏறின.
யாரும் நிற்கவில்லை, நிற்கிற இடமும் இல்லை அது.

ஆறாம் தளம் வரை ஏறினேன்.
'பணியாளர் மட்டும்' என்றது ஒரு கதவு.
நிஜக் கதவு. ஊடாக எதுவும் தெரியவில்லை.
உள்ளே ஏதோ இரைந்துகொண்டிருந்தது,
இன்ஜினாகவும் இருக்கலாம்.
பிறகு கிளிக்கென்று அணைந்தது.