சாமான் ரிக்கற்

விசுவமடுச் சந்தியில், சாரதி
பிளேன்ரீ குடித்து முடிக்கிற நேரத்துக்குள்
தையல் நாடாவால் அளந்தேன்.
தரைக்கும் முதற்படிக்கும் பதினேழு அங்குலம்.
படிக்கும் படிக்கும் பதினொன்று.
கதவு இருபத்தாறு. நடுவில் ஒரு கம்பி.
அதைக் கழித்தால்
ஒரு மெலிந்த ஆளின் இடுப்பு.

கொப்பியில் குறித்துக்கொண்டேன்,
கை, கழுத்து, மார்பு என்று எழுதுகிற அதே பக்கத்தில்.
யாருடைய அளவுக்குத் தைத்த பஸ்ஸோ.

கொண்டக்டர் இரண்டு ரிக்கற் தந்தான்.
ஒன்று எனக்கு.
மற்றது என் சில்லுக் கதிரைக்கு:
'சாமான்' என்றிருந்தது.
எனக்கு முன்னால் ஏறிய கத்தரிக்காய் மூட்டைக்கும்
அதே சொல், அதே காசு.
"இது சாமான் இல்லைத் தம்பி, கால்.
உன்ர காலுக்கு ரிக்கற் எடுக்கிறனியோ?"
அவன் சிரிக்கவில்லை.
மிச்சக் காசும் தரவில்லை.

பவுடர் ரின்னுக்குள் நாற்பத்தொரு ரிக்கற் சேர்ந்தது.
அந்தத் தாளில் மை நிற்காது என்று யாரோ சொல்ல,
எல்லாவற்றையும் கொப்பி எடுத்து வைத்தேன்.

கிளிநொச்சியில் விசாரணை.
சட்டத்தரணி மயூரதி பிரிவை வாசித்தாள்.
நீண்ட வசனம். வினைச்சொல் கடைசியில்தான் வந்தது.
அதுவரை மூச்சைப் பிடித்திருந்தேன்.

பஸ் சங்கத்துக்காரர் கொப்பிகளைப் புரட்டினார்:
"நாற்பத்தொரு தரம் ஏறியிருக்கிறா.
பிறகென்ன முறைப்பாடு?"

நான் ஏறவில்லை ஐயா.
ஏற்றினார்கள்.
நடுவில் புள்ளி வைத்த ஓர் எழுத்துத்தான் கூட.
அந்த ஓர் எழுத்துக்குள்
எத்தனை பேரின் கை என் கமக்கட்டுக்குள் போயிருக்கிறது.
கச்சான் விற்கிறவரின் கை.
ரியூசனுக்குப் போகிற பொடியனின் கை,
அவன் முகத்தை மற்றப்பக்கம் திருப்பித்தான் தூக்குவான், நல்ல பிள்ளை.
பெயர் தெரியாத ஒருவனின் கை,
தேவைக்கு மேல் கொஞ்சம் தங்கியது.
அதையும் அளந்திருக்கிறேன்,
நாடா இல்லாமல்.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார்.
பிறகு எழுதினார்.
அடுத்த தவணை புரட்டாதி பதினெட்டு.

திரும்பும்போதும் அதே பஸ்.
முரசுமோட்டை தாண்டும்வரை அவன் வாய் திறக்கவில்லை.
பிறகு குனிந்து மெசினைக் காட்டினான்:
"முழுசு, அரை, சாமான்.
வேற பட்டன் இல்லை அக்கா. நான் என்ன செய்ய?"

என்னிடமும் ஒரு மெசின் இருக்கிறது.
மிதிக்கிற பலகையோடுதான் வாங்கினேன்.
தருமபுரத்தில் சைக்கிள் திருத்துகிற நகுலேஸ்
அதைக் கழற்றிக் கைபிடி பூட்டித் தந்தான்.
ஒரு மணித்தியாலம். எண்ணூறு ரூபாய்.
அவன் எந்தப் பிரிவையும் வாசித்தவனில்லை.

"பட்டன் வைக்கிறதுதான் என்ர தொழில்,
மெசினை இஞ்ச தா" என்றேன்.

சிரித்தான்.
தரவில்லை.

விசுவமடு.
கீழே, பதினேழு அங்குலத்தில், நிலம்.
இரண்டு பேர் எழுந்தார்கள்.