மூன்று சிப்புட்

கட்டிப்பால் லாரி கேட்டுக்குள் வளைந்ததுமே
சொல்லிவிடுவேன்,
எவன் பேட்டரித் தண்ணீர் ஊற்றி உறைய வைத்தான்,
எந்த மூட்டையின் நடுவில் மரப்பட்டை என்று.
பதினேழு வருஷம்.
மேனேஜர் சியூவே மீட்டரை விட்டுவிட்டு
"நீ மோந்து சொல்" என்பார்.
பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலி.
பெயர் பூங்காவனம்.
சிரித்தவர்கள் சிரித்துத் தீர்த்துவிட்டார்கள்.

அந்த மூக்குதான் ஆகஸ்ட் புகைமூட்டத்தில் படுத்தது.
ஒழுகியது, அடைத்தது,
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
ஆலை காணாமல் போனது.
லாரி வந்தது, ஈ மொய்த்தது,
நாற்றம் மட்டும் இல்லை.
"கொடுத்து வைத்தவள்" என்றாள் ரொசிலா.
அடுத்த வாரமே
கருகிய குழம்பை ருசி பார்த்து
இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டேன்.

பேச்சும் பாதி போயிற்று.
மெல்லினம் மூக்கில் பிறக்கும் என்று
தமிழ்ப்பள்ளியில் ஒப்பித்தது அப்போதுதான் புரிந்தது.
மகனை "முகுந்தா" என்று கூப்பிட்டால்
"புகுத்தா" என்று வருகிறது.
யாரையோ கூப்பிடுகிறேன் என்று
அவன் வாசலை எட்டிப் பார்க்கிறான்.

ஈப்போ பெரியாஸ்பத்திரி.
மஞ்சள் மீ தடிமனில் ஒரு கறுப்புக் கம்பி,
நுனியில் விளக்கு.
அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைத்த பாவம்,
என் மூக்கில் அடுத்தவர் நுழைகிறார்.

திரையில் நான்.
வாசலில் முடிக்காடு,
உள்ளே ஈரச் சிவப்பில் ஒரு குகை,
நடுச்சுவர் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது.
பக்கச் சுவரில் மூன்று மடிப்பு
ஒன்றின் கீழ் ஒன்றாகச் சுருண்டு.
"சங்கெலும்பு" என்றாள் தாதி குமுதவல்லி.
டாக்டர் ஹஸ்னி என் கார்டைப் பார்த்துச் சிரித்தார்.
"சுங்கை சிப்புட்டா?
ஊரே உள்ளே இருக்கிறது, பாருங்கள்.
சிப்புட், சிப்புட், சிப்புட்."

மூன்று நத்தைக்கூடு, இடையில் காற்று ஓடும் ஆறு.
மழைக்குப் பிந்திய குளிரோ, மத்தியான அனலோ,
எது நுழைந்தாலும்
தொண்டையைத் தொடுவதற்குள்
உடம்புச் சூடு, உடம்பு ஈரம்.
எங்கள் ஆலை டிரையர் ஈரத்தை எடுக்கும்,
இது கொடுக்கும்,
கட்டைவிரல் நீள இடத்தில், டீசல் இல்லாமல்.

நாளைக்கு ஒரு லிட்டர் சளி ஊறுமாம்.
கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் துடுப்புப் போட்டு
பிடித்த தூசியைப் பின்னால் தள்ள
நாம் விழுங்கிவிடுகிறோம்.
பதினேழு வருஷத்து ஆலையை
நான் தின்றே செரித்திருக்கிறேன்.
சம்பளச் சீட்டில் அது இல்லை.

இரண்டு துளையில் ஒன்றுதான் முழு வேலை,
மற்றது வீங்கிப் படுத்திருக்கும்,
சில மணி கழித்து ஆள் மாறும்.
ஷிப்டு!

கம்பி மேலே ஏறியது.
கூரையில்தான் மணக்கிற இடமாம்,
தபால்தலை அளவு, லேசான மஞ்சள்.
அதற்கு மேல் ஒரு சல்லடை எலும்பு.
துளை துளையாக நரம்பு இறங்கி வந்து
மூளை வெளிக்காற்றைத்
தொட்டுப் பார்க்கிற ஜன்னல்.
எனக்குத் தெரியவில்லை.
வழியை அடைத்துக்கொண்டு
உரித்த லங்சாட் சுளை மாதிரி நாலைந்து
வெளுத்துத் தொங்கின.
அழகாகத்தான் இருந்தன.

கம்பி திரும்புகையில் கண்ணில் நீர்.
வலியில்லை, சும்மா.
துடைப்பதற்குள் பாதி உள்ளே இறங்கிவிட்டது.
கண்ணிலிருந்து ஒரு வாய்க்கால்
அடிச்சங்குக்குக் கீழே திறக்கிறது,
அங்கே ஏதோ மினுங்கியது.
என் அழுகையின் பின்பக்கத்தைப் பார்த்தேன்.

மாத்திரை, உப்புநீர், ஸ்ப்ரே.
ஐந்து வாரம் நான் வெறும் குமாஸ்தா,
மீட்டர் சொன்னதை எழுதினேன்.

நேற்று எட்டரை மணி லாரி.
எதுவோ தட்டியது, மேலே, உச்சியில்,
புளித்து, அழுகி,
கொஞ்சம் செத்த எலி.
ஒரு நொடி.
ஓடிப் போய் மூட்டையில் முகத்தைப் புதைத்ததும்
டிரைவர் பயந்து பின்வாங்கினான்.
"பேட்டரித் தண்ணீர்" என்றேன்.
சரியா தவறா தெரியாது.
ணகரம் மட்டும்
சுத்தமாக விழுந்தது.