சேர்க்கைப் பதிவேடு

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து மூன்று, ஏப்ரல்.
வெனிஸ் காயலில், பித்தர்களை வைக்கும் தீவில்
படகிலிருந்து இறக்கினார்கள் ஓர்சோலாவை.
வயது முப்பத்தொன்று. குத்தகை வயலில் கூலி.
புறங்கை இரண்டும் வெந்து, உரிந்து, கறுத்திருந்தன.
கழுத்தைச் சுற்றி ஒரு செம்பட்டை,
சூடுபோட்டு அணிவித்த அட்டிகை.
வயிறு நிற்காமல் போகிறது.
கால்வாயைக் கண்டால் குதிக்கிறாள்,
இரண்டு முறை தூக்கினோம் என்றான்
கணவன் பொர்த்தோலோ,
தண்ணீரைப் பார்க்காமல்.

என்ன சாப்பிடுவாள்?
சோளக்களி.
மதியம்?
களிதான்.
மேசைக்கு மேலே நூலில் ஒரு கருவாடு தொங்கும்.
களித்துண்டை அதில் தேய்த்துக்கொள்வோம்.
கருவாட்டை யாரும் தின்பதில்லை.
அது கோடைவரை வரவேண்டும்.

பூஞ்சணம் பிடித்த சோளத்தின் நஞ்சு
என்று மருத்துவர் எழுதினார்.

சோளத்தைச் சொல்லிக் குற்றமில்லை.
கடலுக்கு அப்பால் அதை முதலில் விதைத்த பெண்கள்
சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து
இரவெல்லாம் ஊறவிட்டுத்தான் அரைத்தார்கள்.
கப்பலில் விதை வந்தது.
பக்குவம் வரவில்லை.
அதை யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.
மணிக்குள்ளேயே பூட்டிக் கிடந்தது
ஒரு சிட்டிகைக்கும் குறைவான சத்து;
நியாசின் என்கிறோம்,
பி வைட்டமின்களில் மூன்றாவதாக எண்ணுகிறோம்.
அதை அடையாளம் காண
இன்னும் ஐம்பது வருடத்துக்கு மேல் இருந்தது.
ஓர்சோலாவிடம் அவ்வளவு நாள் இல்லை.

தீவில் பைத்தியங்களுக்குப் பால் உண்டு.
கோதுமை ரொட்டி, சில நாள் இறைச்சி.
ஐந்தாம் வாரம் தன் பெயரைச் சொன்னாள்.
ஏழாம் வாரம் அடுத்த கட்டில்காரிக்குப்
பொத்தான் தைத்துக் கொடுத்தாள்.
"குணம்" என்று எழுதி அனுப்பினார்கள்.
வீட்டில் களி காத்திருந்தது.

எண்பத்து நான்கு, ஏப்ரல்: மீண்டும்.
எண்பத்தைந்து: மீண்டும்.

எண்பத்தாறில் யாரும் கொண்டுவரவில்லை.
மார்ச்சிலேயே வந்துவிட்டாள், தானாக,
சித்தம் இன்னும் கலையாமல்.
கூடவே மகள், ஜெல்மீனா, ஒன்பது வயது.
பிள்ளையின் புறங்கையில்
வெயில் பட்ட இடமெல்லாம் சிவப்பு.

"இவளையும் எழுதுங்கள்."

எழுத்தர் பார்த்தார்.
காயலில் நட்ட கம்பங்களை
எண்ணிக்கொண்டிருந்தாள் சிறுமி,
ஒன்றுகூடத் தப்பாமல்.

"இவளுக்குப் பித்தில்லையே அம்மா."

"தெரியும்.
அது வரட்டும் என்று இருந்தால்
பாலுக்கு நேரமாகிவிடும்."

அந்தப் பக்கத்தில்
பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது.
நோய் என்ற கட்டத்தில் மட்டும் ஒரு மைக்கறை,
எழுதாமல் வெகுநேரம் பேனாவை ஊன்றியிருந்தால்
விழுகிற அளவு.
அதற்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில்:
பால், இருவேளை.