மூன்றாவது வரிசையின் மஞ்சள்

குருநகர் பெனடிக்ற்றின் வலக்கையில்
திருக்கை தன் முள்ளை விட்டுவிட்டுப் போயிருந்தது.
சம்மதப் படிவத்தில் இடக்கையால் ஒப்பம்,
நண்டு ஊர்ந்த தடம் மாதிரி.
பத்து மில்லிலீற்றர் எடுத்தேன்.
"காணுமோ மிஸ்?"

அழற்சி என்று ஆயிரம் தரம் எழுதியிருப்பேன்,
உள்ளே அழல் இருப்பதை நினைத்ததில்லை.
அன்று அவன் முழங்கையில் வைத்த விரலைக்
கையுறை தாண்டிச் சுட்டது.

வெண்குழியத்தின் மேல் வாங்கிகள் நிற்கின்றன.
ஒருவகை, இரத்தக்குழாய்ச் சுவரைப் பற்றிப் பற்றி உருள.
இன்னொருவகை, நெருப்புச் செய்தியைக் கேட்க.
செய்தி முற்றினால்
அருகிலேயே குடியிருக்கும் நொதியம்
இரண்டையும் அடியோடு நறுக்கிவிடும்.
அதன் வயிற்றில் ஓரணுத் துத்தநாகம்,
அதுதான் கூர்.
அந்தக் கூரைக் கவ்விக்கொள்ளும் நிரோதி
கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில்
ஐஸ் உருகமுன் வந்து சேர்ந்தது.
உப்புக்கல் அளவு. என் இரண்டு மாதச் சம்பளம்.

இரண்டு குழாயிலும் அவன் இரத்தம்.
ஒன்றில் மட்டும் நிரோதி.
ஆடியபாதம் வீதியில் கடைசி ஓட்டோவும் போனபிறகு
கரண்ட் நின்றது.
ஜெனரேற்றர் இருமி எழும்பும்வரை
தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்,
ஏனென்று தெரியாமல்.

அமிலம் விட்டதும் நீலம் மஞ்சளானது.
நிரோதி இல்லாத மூன்றாவது வரிசை
காய்ச்சல்காரனின் மூத்திரம் போல் கடும் மஞ்சள்.
நாலாவது, அரிசி கழுவின தண்ணி.
மஞ்சள் கூடினால் உதிர்ந்தது கூட.
நிரோதி வேலை செய்கிறது.
கலாநிதி சுகிர்தமலருக்குப் படம் அனுப்பினேன்.
"நல்லது" என்று ஒரு சொல் வந்தது,
விடிய நாலரைக்கு.

தட்டைக் கழுவ மனம் வரவில்லை.
உதிர்ந்தவற்றில் சில
குருதியில் தனியே அலைந்து
நெருப்புச் செய்தியை
வழியிலேயே மறித்துப் பிடிக்குமாம்.
அப்படியென்றால் குழியம் கைவிட்டதா,
கையை முன்னே அனுப்பிவைத்ததா?
நாலாவது வரிசையில் நான் தடுத்தது எதை?

ஆறாம் நாள் வாட்டுக்குப் போனேன்.
நுண்ணுயிர்க்கொல்லியும் நாட்களும் போதுமாயிருந்தன.
வீக்கம் வடிந்த தோல் சுருங்கி உரிந்துகொண்டிருந்தது.
"என்ர இரத்தம் என்ன சொல்லிச்சுது?"
"இன்னும் கேட்டு முடியேல்லை."
சிரித்தான். தலையணைக்கடியிலிருந்து
மருந்துப் போத்தல் ஒன்றை எடுத்துக் குலுக்கினான்.
டொக்டர் கிண்டியெடுத்த முள்,
இரண்டு பக்கமும் வாள்ப்பல்.
"வச்சிருக்கப்போறன் மிஸ்.
அதுக்கு இப்ப
புதுசு முளைக்கத் துவங்கியிருக்கும்."